டோரன்ட் ஊர்கிறதா? விண்டோஸ் மேல் கை வைக்காதீர்கள்!

வாசகர் கேள்வி – பதில்

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடமிருந்து ஒரே சாயலில் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாமே டோரன்ட் (ஒரே ஃபைலைப் பலர் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்ளும் முறை) வேகத்தைப் பற்றித்தான். அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் அவரவர் கேள்விக்குத் தாவுவதற்கு முன் அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள், பலருடைய பதில் அதற்குள்தான் இருக்கிறது.

கேள்வி: என் பழைய கம்ப்யூட்டர் ஏழு வருடம் உழைத்தது. போன மாதம் புதுசு வாங்கினேன். எல்லாம் பறக்கிறது, டோரன்ட் மட்டும் ஊர்கிறது. பழையதில் சர்வசாதாரணமாக நொடிக்கு 9, 10 மெகாபைட் வந்தது. இதில் 300, 400 கிலோபைட்டைத் தாண்டவில்லை. அதே 100 மெகாபிட் இணைப்பு, அதே ரவுட்டர், அதே கியூபிட்டோரன்ட் புரோகிராம். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 94 காட்டுகிறது. இணைப்பு கொடுத்தவர்கள் லைனில் குறையில்லை என்கிறார்கள், கம்ப்யூட்டர் விற்றவர் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள் என்கிறார். போடலாமா சார்?

பதில்: வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும், வேகம் அப்படியேதான் இருக்கும். உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஸ்பீட் டெஸ்ட் 94 காட்டுகிறது என்றால் லைன் சரி, கேபிள் சரி, நெட்வொர்க் கார்டும் அதன் டிரைவரும் சரி. மாறியது கம்ப்யூட்டர் ஒன்றுதான் என்று நினைக்கிறீர்கள். கூடவே இன்னொன்றும் மாறியிருக்கிறது, அது கண்ணில் படாது. வீட்டு நெட்வொர்க்குக்குள் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி.

பிரௌசரில் ஒரு ஃபைலை இறக்கும்போது நீங்கள் போய் ஒரு சர்வரைக் கூப்பிடுகிறீர்கள், அது கொடுக்கிறது, அவ்வளவுதான். டோரன்ட்டில் அப்படி ஒரு சர்வர் கிடையாது. 2001இல் பிராம் கோஹன் இதை எழுதியபோதே யோசனை அதுதான்: ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி, வாங்குகிறவர்களே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளட்டும். அப்படியென்றால் சிலரை நீங்கள் கூப்பிடுவீர்கள், சிலர் உங்களைக் கூப்பிடுவார்கள். இந்த இரண்டாவது வகை அழைப்பு உங்கள் ரவுட்டர் வாசலில் வந்து நிற்கும். உள்ளே கம்ப்யூட்டர் ஒன்று, போன் நாலு, டிவி ஒன்று என்று எத்தனை இருந்தாலும் வெளியுலகத்துக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே முகவரிதான், ஆகவே வந்த அழைப்பை யாரிடம் விடுவது என்று ரவுட்டருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றால் அது சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். உங்களுக்கும் தெரியாது, கூப்பிட்டவருக்கும் தெரியாது.

பழைய கம்ப்யூட்டர் வந்த காலத்தில் விவரம் தெரிந்த யாரோ ஒருவர் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். போர்ட் என்பது முகவரிக்குள் எண் போட்ட ஒரு கதவு. ‘இந்த எண்ணுள்ள போர்ட்டுக்கு வருவதையெல்லாம் 192.168.1.5க்கு அனுப்பு’ என்று ஒரு வரி. அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது. ரவுட்டர் பாவம், இன்றைக்கும் சொன்னபடி 192.168.1.5க்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அங்கே இப்போது ஆளில்லை. உங்கள் புதுக் கம்ப்யூட்டருக்கு 192.168.1.9 என்றோ 12 என்றோ வேறு எண் கிடைத்திருக்கும். வீடு மாறிப் போனவரின் பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கிற கதைதான்.

பார்ப்பது சுலபம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ‘சிஎம்டி’ என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்தால் கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியில் இருப்பது உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி. டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருப்பது ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அந்த இரண்டாவது எண்ணை பிரௌசரில் அடித்தால் ரவுட்டரின் பக்கம் வரும், பாஸ்வேர்டு நீங்கள் மாற்றவில்லையென்றால் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போய் போர்ட் ஃபார்வர்டிங் என்ற பகுதியைத் தேடுங்கள், சில ரவுட்டர்களில் அதற்கு விர்ச்சுவல் சர்வர் என்று பெயர். பழைய வரி அங்கே இருந்தால் அதில் முகவரியை மட்டும் புதுசாக மாற்றுங்கள். போர்ட் எண்ணையும் ஒரு பார்வை பாருங்கள். கியூபிட்டோரன்ட்டைப் புதிதாக நிறுவினால் அது தன் இஷ்டத்துக்கு ஒரு போர்ட் எண்ணை எடுத்துக்கொள்ளும், அதன் செட்டிங்ஸில் கனெக்ஷன் பக்கத்தில் இருக்கும் எண்ணும் ரவுட்டரில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கையோடு, இந்தக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் இதே முகவரியைக் கொடு என்று டிஹெச்சிபி ரிசர்வேஷன் பகுதியில் பதிந்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் ரவுட்டரை அணைத்துப் போட்ட பிறகு முகவரி மாறி மறுபடி எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். (சிரிக்காதீர்கள், எனக்கே நடந்தது. இரண்டு நாள் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் என்றைக்கோ செத்துப்போன லேப்டாப்பின் பெயரில் ரவுட்டர் எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருக்கிறது.)

அப்படி ஒரு வரியே அங்கே இல்லையென்றால் பழைய கம்ப்யூட்டர் யுபிஎன்பி என்ற வசதியால் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். புரோகிராமே ரவுட்டரிடம் பேசிக் கதவைத் திறந்துகொள்ளும் ஏற்பாடு அது. ரவுட்டரிலும் கியூபிட்டோரன்ட்டிலும் இரண்டு பக்கமும் அது ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை, வீட்டுக்குள் இருக்கிற எந்தப் புரோகிராம் கேட்டாலும் ரவுட்டர் கதவைத் திறந்துவிடும். ஒரு போர்ட்டை நாமே கையால் திறந்து வைத்துக்கொள்வது மேல்.

அடுத்தது ஃபயர்வால், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்காரன். புதுக் கம்ப்யூட்டரில் கியூபிட்டோரன்ட்டை முதன்முதலாகத் திறந்தபோது ஒரு பெட்டி வந்திருக்கும், இந்தப் புரோகிராமை நெட்வொர்க்கில் அனுமதிக்கலாமா என்று. புது மெஷினில் முதல் நாள் அந்த மாதிரி இருபது பெட்டிகள் வருகின்றன, நாமும் எரிச்சலில் கேன்சல் கேன்சல் என்று தட்டிவிடுகிறோம். இங்கேதான் சிக்கல். கேன்சல் என்றால் ‘பிறகு கேள்’ என்று விண்டோஸ் எடுத்துக்கொள்வதில்லை. ‘வெளியிலிருந்து வருவதை இந்தப் புரோகிராமுக்கு விடாதே’ என்று ஒரு விதியை எழுதி வைத்துக்கொள்கிறது, அதற்குப் பிறகு கேட்பதும் இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஃபயர்வால் பகுதியில், புரோகிராம்களை அனுமதிக்கும் பட்டியலுக்குப் போனால் கியூபிட்டோரன்ட்டின் பெயர் டிக் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பிரைவேட் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அதோடு, விண்டோஸ் புதிதாகச் சேரும் நெட்வொர்க்கைப் பொது இடம் என்றே எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே நெட்வொர்க் செட்டிங்ஸில் உங்கள் வீட்டு இணைப்பை பப்ளிக் என்பதிலிருந்து பிரைவேட் என்று மாற்றுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு ‘செய்து பார்த்துவிட்டேன் சார், ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுதுகிறவர்கள் அதிகம். வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள்ளும் தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கலாம், அங்கேயும் பாருங்கள்.

வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள கியூபிட்டோரன்ட் ஜன்னலின் அடிப்பட்டையில் ஒரு சின்ன ஐகான் இருக்கிறது. பச்சையானால் வெளியிலிருந்து அழைப்பு உள்ளே வருகிறது. மஞ்சள் தீப்பிழம்பு மாதிரி இருந்தால் எங்கேயோ இன்னும் அடைத்திருக்கிறது. டோரன்ட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள், சும்மா இருக்கும்போது பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தும் மஞ்சள் மாறவில்லையா? ரவுட்டர் பக்கத்தில் வான் ஐபி என்று ஒரு எண் இருக்கும், ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி. அது 100.64 முதல் 100.127 வரையில் ஏதோ ஒன்றில் தொடங்கினாலோ 10 என்று தொடங்கினாலோ உங்கள் கையில் எதுவும் இல்லை. இணைப்பு கொடுக்கிற நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறது, உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு பெரிய ரவுட்டர். இதற்கென்றே 2012இல் அந்த 100.64 வரிசையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். தனி முகவரி கேட்டு வாங்கலாம், அல்லது ஐபிவி6 என்ற புதுவகை முகவரி இருந்தால் அதை ஆன் செய்து பார்க்கலாம். ஐபிவி6இல் இந்த அடுக்கு கிடையாது, ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கும் அது இருக்க வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. பழையதில் 10 மெகாபைட்டில் இறங்கியதும் இதில் 300 கிலோபைட்டில் இறங்குவதும் ஒரே டோரன்ட்தானா? ஏன் கேட்கிறேன் என்றால், ஆயிரம் பேர் முழு ஃபைலை வைத்துக்கொண்டு கொடுக்கிற டோரன்ட்டில் உங்கள் கதவு மூடியே இருந்தாலும் வேகம் பெரிதாகக் குறையாது, நீங்கள் கூப்பிட ஆள் ஏராளம். கொடுக்கிறவர் ஏழெட்டுப் பேர்தான் என்றால் மூடிய கதவு கழுத்தைப் பிடிக்கும். ஏனென்றால் அவர்களிலும் சிலர் கதவு மூடியவர்களாக இருப்பார்கள். நீங்களும் அவர்களைக் கூப்பிட முடியாது, அவர்களும் உங்களைக் கூப்பிட முடியாது. ஆகவே எதையும் தொடுவதற்கு முன் உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸின் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டம்) டோரன்ட்டை அவர்களின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். சட்டச் சிக்கல் இல்லாதது, கொடுப்பவர்கள் எந்நேரமும் கூட்டமாக இருப்பார்கள். அது 10 மெகாபைட்டில் வந்தால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு போர்ட்டையும் நீங்கள் எடுத்த டோரன்ட்டையும் கவனியுங்கள். அதுவும் ஊர்ந்தால் புரோகிராமுக்குள் யாரோ போட்டுவைத்த வேக வரம்பிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: 100 மெகாபிட் இணைப்புக்குப் பணம் கட்டுகிறேன். டோரன்ட்டில் 11.3க்கு மேல் போனதே இல்லை. புதுக் கம்ப்யூட்டரிலும் அதேதான். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை, உங்களுக்குக் கிடைப்பது நல்ல வேகம். அவர்கள் சொல்வது மெகாபிட், டோரன்ட் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5, அதில் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒட்டும் முகவரிச் சீட்டுக்குக் கொஞ்சம் போய்விடும். மிச்சம் 11 சொச்சம்தான்.

கேள்வி: புது டெஸ்க்டாப்பில் வைஃபை உள்ளேயே இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார்கள். போன் பக்கத்திலேயே வைத்தால் போனில் 90 வருகிறது, டெஸ்க்டாப்பில் 4, 5. டோரன்ட் மட்டுமில்லை, எல்லாமே மெதுவாகத்தான் இருக்கிறது. வைஃபை கார்டு போச்சா?

பதில்: கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் பொன்னிறத்தில், மரை போட்ட இரண்டு குட்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? அவற்றில் எதுவும் மாட்டாமல் வெறுமனே இருந்தால் வைஃபை கார்டு பிழைத்தது. ஆன்டெனா மாட்டவில்லை, அவ்வளவுதான். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியில், கையேட்டுக்கும் பஞ்சுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் கிடக்கும். எடுத்துத் திருகுங்கள், விரல் பலம் போதும், குறடு வேண்டாம். ஆன்டெனா இல்லாமலும் சிக்னல் இரண்டு கோடு காட்டும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

மாட்டிய பிறகும் மெதுவாக இருந்தால் எந்த அலைவரிசையில் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைத் தாண்ட அதற்குச் சிரமம். ரவுட்டர் அதே அறையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 5. ரவுட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஒரு கேபிளைப் போட்டு முடித்துவிடுங்கள். டோரன்ட்டுக்கு வைஃபையைவிடக் கம்பி எப்போதும் நல்லது. ஒரே நேரத்தில் நூறு பேரோடு பேசுகிற வேலை அது.

கேள்வி: எங்களுடையது 300 மெகாபிட். புதுக் கம்ப்யூட்டரை கேபிளில்தான் மாட்டியிருக்கிறேன், பழையதில் இருந்த அதே கேபிள். 94ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. அண்ணன் லேப்டாப்பில் வைஃபையில் 280 வருகிறது!

பதில்: கேபிள். 94 என்ற எண்ணைப் பார்த்தாலே சொல்லிவிடலாம், 100 மெகாபிட்டில் பேசுகிற இணைப்பின் உச்சம் அதுதான். (முதல் கடிதக்காரருக்கு 94 வந்தது சரி, அவர் வாங்கியிருப்பதே 100.) கிகாபிட்டில் பேச வேண்டுமென்றால் கேபிளுக்குள் இருக்கிற எட்டுக் கம்பியும், அதாவது நான்கு ஜோடியும், முழுசாக இருக்க வேண்டும். சில கம்பிகளில் ஒன்று அறுந்தால் இரண்டு பக்கமும் ஒத்துப்போய் 100க்கு இறங்கிக்கொள்ளும், குறை சொல்லாது. பழைய கம்ப்யூட்டரிலும் இதே கதை இருந்திருக்கும், அன்றைக்கு இணைப்பே 100க்குக் குறைவாக இருந்ததால் தெரிந்திருக்காது. விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீட் 100/100 என்று இருந்தால் புதுக் கேபிள் மாட்டுங்கள், கேட்5இ வகை போதும். மாட்டிய பிறகு 1000/1000 ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் ரவுட்டரின் துளையைப் பாருங்கள், சில பழைய ரவுட்டர்களில் துளையே 100தான்.

கேள்வி: டோரன்ட் போட்டால் முதல் பத்து நிமிடம் ஜோராக வருகிறது. அப்புறம் வேகம் குறைகிறது, வீட்டில் யாருக்கும் எதுவும் திறக்கவில்லை, வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. டோரன்ட்டை நிறுத்தினால் எல்லாம் சரியாகிறது. பழைய கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை இல்லை. திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: இறக்குவதில் தவறில்லை, ஏற்றுவதில்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு ஒரு பொட்டலம் வந்து சேர்ந்தால் ‘வந்தது’ என்று ஒரு சின்னப் பதிலை உங்கள் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்ப வேண்டும். டோரன்ட் அப்லோட் பாதையை முழுசாக நிரப்பிவிட்டால் அந்தப் பதில் வரிசையில் மாட்டிக்கொள்ளும். பதில் வராததால் அனுப்புகிறவர் மெதுவாகிறார். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் இதே கதி, அவர்களுடைய பதிலும் அதே வரிசையில்தானே நிற்கிறது. அப்லோட் குறைவாக உள்ள இணைப்புகளில் இது சீக்கிரம் தெரியும்.

ஸ்பீட் டெஸ்ட்டில் அப்லோட் எவ்வளவு வருகிறது என்று பார்த்து, அதில் முக்கால் பங்கு அல்லது 80 சதவீதத்தை டோரன்ட்டில் அப்லோட் வரம்பாகப் போடுங்கள். போடும்போது அலகைக் கவனியுங்கள், அங்கே கேட்பது நொடிக்கு இத்தனை கிலோபைட் என்று. அப்லோட் 20 மெகாபிட் என்றால் அது 2,500 கிலோபைட், அதில் 80 சதவீதம் 2,000. சிலர் 20 என்றே அடித்துவிடுகிறார்கள். அதற்காக அடியோடு குறைத்தும் விடாதீர்கள், டோரன்ட்டில் கொடுக்கல் வாங்கல் கணக்கு உண்டு. எதிர்ப்பக்கத்துப் புரோகிராம் சில நொடிகளுக்கு ஒருமுறை, தனக்கு யார் நன்றாகக் கொடுக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்கே முதலில் கொடுக்கிறது. கஞ்சனுக்கு அங்கே கடைசி வரிசைதான்.

பழைய கம்ப்யூட்டரில் இல்லாதது இதில் ஏன் வந்தது என்று கேட்டீர்கள். என் சந்தேகம் ஒன்டிரைவ் மேல், ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட்டின் வசதி அது. விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தவர்களில் பலருக்கு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் மேலே ஏற ஆரம்பித்துவிடும். பழைய கம்ப்யூட்டரிலிருந்து பல வருடப் போட்டோக்களைக் கொண்டுவந்து பிக்சர்ஸில் கொட்டியிருப்பீர்கள், அது நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நீல மேகத்தை அழுத்தினால் என்ன நடக்கிறதென்று சொல்லும், ராத்திரிக்கு மட்டும் ஏறும்படி நிறுத்தி வையுங்கள். விண்டோஸ் அப்டேட்டிலும் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒரு பகுதி இருக்கிறது, இறக்கிய அப்டேட்டை மற்றக் கம்ப்யூட்டர்களுக்கும் கொடுக்கிற வேலை. அதையும் அணைத்துவிடலாம்.

இதையெல்லாம் செய்தும் வீடு ஸ்தம்பித்தால் இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். சின்ன ரவுட்டர்களுக்கு ஞாபகசக்தி கொஞ்சம்தான், ஆயிரக்கணக்கில் இணைப்புகளைத் திறந்தால் திணறும். மொத்தம் 200, ஒரு டோரன்ட்டுக்கு 50 என்று வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை கூடினால் வேகம் கூடும் என்பது ஒரு அளவு வரைக்கும்தான்.

கேள்வி: இறங்கும் வேகம் 30 மெகாபைட்டுக்குப் போகிறது, திடீரென்று பூஜ்யம், மறுபடி 30, மறுபடி பூஜ்யம். கம்ப்யூட்டரும் அந்த நேரத்தில் கல் மாதிரி ஆகிவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று சிவக்கிறது. எஸ்எஸ்டியில் விண்டோஸ், டோரன்ட் எல்லாம் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில்.

பதில்: நீங்களே கண்டுபிடித்துவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள்! நெட் கொடுக்கிறது, டிஸ்க்கால் எழுத முடியவில்லை. டோரன்ட் துண்டுகள் வரிசையாக வருவதில்லை. அரிதான துண்டை முதலில் எடு என்பது அதன் விதி, ஆகவே ஃபைலின் நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று, தொடக்கத்தில் ஒன்று என்று வந்து விழும். ஹார்ட் டிஸ்க்கின் ஊசி இங்கும் அங்கும் ஓடி எழுத வேண்டும். பெரிய கொள்ளளவு ஹார்ட் டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் என்று ஒரு வகை உண்டு, தடங்களை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எழுதுகிறவை. அவற்றுக்கு இந்த மாதிரிச் சிதறல் எழுத்து சுத்தமாக ஆகாது. இறங்கிக்கொண்டிருக்கிற ஃபைல்களை எஸ்எஸ்டியில் வைத்து, முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்தும்படி கியூபிட்டோரன்ட்டிலேயே அமைக்கலாம், முடியாத டோரன்ட்டுகளுக்குத் தனி ஃபோல்டர் என்று ஒரு கட்டம் டவுன்லோட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. நகர்த்தும்போது வரிசையாக எழுதுவதால் டிஸ்க் திணறாது.

ஆன்டிவைரஸ் ஒவ்வொரு துண்டையும் முகர்ந்து பார்ப்பதும் இதே மாதிரி விளைவைக் கொடுக்கும். அந்த முடியாத ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். முடிந்த ஃபைல்கள் போய்ச் சேரும் ஃபோல்டருக்குக் கொடுக்காதீர்கள், அங்கே அது முகரட்டும்.

கேள்வி: விண்டோஸில் ஒரே நேரத்தில் 10 இணைப்புகளுக்கு மேல் திறக்க விடாத ஒரு பூட்டு இருக்கிறதாம், அதை உடைக்க ஒரு பேட்ச் கிடைக்கிறது. போட்டால் வேகம் கூடுமா?

பதில்: அந்தப் பூட்டு நிஜமாகவே இருந்தது, 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கில் வந்தது. பாதி திறந்த நிலையில் இருக்கும் இணைப்புகளை 10க்கு மேல் விடாது, வைரஸ் பரவுவதைத் தடுப்பதற்காகப் போட்டது. 2009இல் விண்டோஸ் 7 வந்தபோதே அது போய்விட்டது. இல்லாத பூட்டுக்கு சாவி கொடுக்கிறேன் என்று ஒருவர் உங்கள் சிஸ்டம் ஃபைலை மாற்றச் சொல்கிறார் என்றால், அவர் எதற்காகச் சொல்கிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். டோரன்ட் வேகத்தை ஐந்து மடங்கு ஆக்குகிறேன் என்று வருகிற ‘பூஸ்டர்’களையும் தொடாதீர்கள்.

கேள்வி: 99.2 சதவீதத்தில் மூன்று நாளாக நிற்கிறது. என் கம்ப்யூட்டரில் கோளாறா?

பதில்: அவெய்லபிலிட்டி என்ற எண்ணைப் பாருங்கள். 1க்குக் குறைவாக, 0.992 என்று இருந்தால் இப்போது கூடியிருக்கிறவர்கள் எல்லோரிடமும் இருப்பதைச் சேர்த்தாலும் முழு ஃபைல் இல்லை. யாராவது ஒரு புண்ணியவான் முழுசோடு திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான், அல்லது வேறு டோரன்ட் தேடுங்கள்.

கேள்வி: புதுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு டிரான்ஸ்மிஷன் என்ற டோரன்ட் புரோகிராம் வைத்திருக்கிறேன். போர்ட் திறந்தாயிற்று, கேபிள் புதுசு, ரவுட்டரைக்கூட மாற்றிவிட்டேன். உபுண்டு டோரன்ட்டே 50 கிலோபைட்டைத் தாண்டவில்லை. 49, 50, 49, 50 என்றே ஆடுகிறது. பைத்தியம் பிடிக்கிறது.

பதில்: ஜன்னலின் அடியில் ஒரு சின்ன ஆமைப் படம் இருக்கிறதா? தற்காலிக வேக வரம்பு அது, தொடக்கத்தில் 50 கிலோபைட் என்றே வைத்திருப்பார்கள். எப்போதோ கைபட்டு ஆன் ஆகியிருக்கிறது. ஆமையை ஒரு தட்டுத் தட்டுங்கள்.